இலவச ஆலோசனையும் 85,000 ரூபாயும்: திருச்சியில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம்

திருச்சி தில்லைநகரில், மாடிப்படி ஏறியதும் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்துக்கு, 2024 ஆகஸ்டு மாதம் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதம் வரை, என் தம்பியுடன் பதினொரு முறை போய் வந்தேன். அந்தச் சேவை எப்படி இருந்தது என்று உறவினர்களும் நான் வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கத்துக்கு வரும் உறுப்பினர்களும் விடாமல் கேட்பதால், தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே முறையாக எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அதே சாலையில் உள்ள வேறு இரண்டு இடங்களிலும் விசாரித்துப் பார்த்ததில் நடைமுறை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஒருவர் பெயரை மட்டும் எழுதி மற்ற இருவருக்கும் நல்ல பெயர் வாங்கித் தருவது முறையாகாது.

எங்கள் நிலையை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மதிப்பீட்டில் பாதி அதைப் பொறுத்தது. ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் ஒரு போகம் மக்காச்சோளம் அல்லது பருத்தி போடுகிறார். நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். தம்பி பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பிறகு ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் முடித்து, ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மாதம் 16,000 ரூபாய்க்கு வேலை செய்கிறான். அங்கே அவன் நிற்கும் அழுத்து இயந்திரம் ஜெர்மனியில் செய்யப்பட்டது. அது பழுதானால் ஜெர்மனியிலிருந்து ஒரு பொறியாளர் காணொளி அழைப்பில் வருவாராம். அவர் சொல்லச் சொல்ல இவர்கள் திருகாணியைக் கழற்றுவார்களாம். அந்தப் பொறியாளர் இருக்கும் பக்கத்தில் தான் இருக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசையின் தொடக்கம்.

இனி நிறுவனம். காத்திருக்கும் கூடம் குளிரூட்டப்பட்டது, சுத்தமானது, குடிநீரும் தேநீரும் உண்டு. சுவர் முழுக்க விசா பெற்றவர்களின் புகைப்படங்கள், ஒவ்வொருவர் கையிலும் அவர்கள் போகும் நாட்டின் கொடி. வரவேற்பு மேசைக்கு அருகில் ஒரு பித்தளை மணி தொங்குகிறது. விசா வந்தவர் அதை அடிக்க வேண்டும், கூடத்தில் இருப்பவர்கள் கைதட்ட வேண்டும். மேசைக்குப் பின்னால், விமானப் படமும் நிறுவனத்தின் பெயரும் அச்சிட்ட பயணப் பைகள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. பணியாளர்கள் யாரும் எங்களிடம் ஒருநாளும் முகம் கோணியதில்லை. அப்பா வேட்டியோடும் மண் காயாத செருப்போடும் வந்த நாளிலும் அவருக்குத்தான் முதலில் நாற்காலி கொடுத்தார்கள். இதைக் குறைவாக எண்ண மாட்டேன். நகரத்தில் நாங்கள் ஏறி இறங்கிய வேறு சில அலுவலகங்களில் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

பேதம் அங்கே தரப்படும் படிவத்தில் இருக்கிறது. நான்கு பக்கப் படிவத்தில் தம்பியின் படிப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம். மீதியெல்லாம் குடும்பத்தைப் பற்றியது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யார், பெற்றோர் மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு எங்கே, நகராட்சி அல்லது மாநகராட்சி எல்லைக்குள் சொத்து உண்டா, வைப்புநிதி எவ்வளவு என்று கேள்விகள் நீள்கின்றன. அப்பா வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததே இல்லை. உறவினர் என்ற கட்டத்தில், குவைத்தில் ஓட்டுநராக இருக்கும் மாமாவின் பெயரைத் தம்பி எழுதினான். ஆலோசகர் அதைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம் தம்பி, காலியாகவே விட்டுவிடுங்கள்" என்றார்.

முதல் நாள் ஆலோசனை நாற்பது நிமிடம் நடந்தது. இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, ஜெர்மனியில் தனியார் பல்கலைக்கழகங்கள் என்று எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் ஆலோசனை, விண்ணப்பம், விசா உதவி அனைத்தும் இலவசம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றால் மட்டும் 85,000 ரூபாய் கட்ட வேண்டும். நான் அந்த விலைப்பட்டியலை இரண்டு முறை படித்தேன். கல்விக் கட்டணமே வாங்காத இடத்துக்குப் போவதற்கு இங்கே கட்டணம். பதினாறு லட்சம், பதினேழு லட்சம் என்று கட்டணம் வாங்கும் இடத்துக்குப் போவதற்கு இங்கே இலவசம்.

"எல்லாம் இலவசம் என்றால் உங்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது மேடம்?" என்று கேட்டேன். அந்த ஆலோசகர் என்னைவிட வயதில் சிறியவர். மழுப்பாமல் பதில் சொன்னார்: "நீங்கள் சேரும் பல்கலைக்கழகம் எங்களுக்குக் கொடுக்கும் அக்கா. ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. அதனால்தான் அதற்கு உங்களிடம் வாங்குகிறோம்."

இந்தப் பதிலுக்காகவே அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. இந்தத் தொழிலின் கணக்கு முழுவதும் அந்த மூன்று வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. மாணவர் முதலாண்டில் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு அவரை அனுப்பி வைத்த முகவருக்குத் தரகாகப் போகிறது; கட்டணம் கூடக் கூடத் தரகும் கூடுகிறது. ஆகவே பணம் இல்லாதவனுக்கு ஏற்ற வழி எதுவோ, அதைக் காட்டுவதில் இந்த நிறுவனத்துக்கு ஒரு பைசா தரகு கிடையாது. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பருவத்துக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும்தான். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் விதிக்கத் தொடங்கியிருக்கிறது. இந்த விதிவிலக்குகளைத் தள்ளினாலும் மிச்சம் நிறையவே இருக்கிறது.

ஆனால் எங்களிடம் சொல்லப்பட்டது வேறு. தம்பியின் பத்துக்கு 7.8 என்ற மதிப்பெண்ணுக்கும், இடையில் இருந்து பிறகு முடித்த இரண்டு அரியருக்கும், அரசுப் பல்கலைக்கழகம் கடினம் என்றார்கள். ஜெர்மனியில் நம் மதிப்பெண்ணை அவர்களுடைய அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் உண்டு; பவேரியச் சூத்திரம் என்று மாணவர்கள் சொல்வார்கள். அதிகபட்சப் புள்ளியிலிருந்து நாம் பெற்றதைக் கழித்து, அதை மூன்றால் பெருக்கி, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். தம்பி படித்த கல்லூரியில் தேர்ச்சிக்கான குறைந்த புள்ளி 5. அந்தக் கணக்கில் அவனுக்கு 2.32 வருகிறது. அங்கே எண் குறையக் குறையத்தான் நல்லது. பல முதுகலைப் படிப்புகள் 2.5 வரை ஏற்கின்றன. பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் நாங்களே போட்ட கணக்கு இது. பட்டயம் பெற்ற ஆலோசகர்கள் நால்வர் அமர்ந்திருந்த அறையில் இது போடப்படவில்லை.

ஒருநாள் எங்களுக்கு முன் இருந்த குடும்பத்தைப் பற்றிச் சொன்னால்தான் இந்தச் சேவையின் மறுபக்கம் தெரியும். தந்தை மருத்துவர், மகன் சென்னையில் படித்தவன், இங்கிலாந்தில் வணிகப் பகுப்பாய்வு படிக்கப் போகிறான். வங்கியின் வைப்புநிதிக் கடிதம், தணிக்கையாளர் கொடுத்த சொத்து மதிப்புச் சான்று, பாஸ்போர்ட்டு நகல்கள் என எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. ஏன் இந்தப் படிப்பு என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதும் நோக்க அறிக்கையின் ஒரு பத்தியைப் பற்றி மகன் மட்டும் சந்தேகம் கேட்டான். அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டார்கள். அவர்களுக்கு அந்த நிறுவனம் உண்மையாகவே நல்ல சேவை செய்தது. விண்ணப்பம் பிழையின்றிப் போனது, மூன்று மாதத்தில் மணி அடித்தார்கள், நானும் கைதட்டினேன். அதே ஆலோசகர், அதே நாற்காலி, அதே தேநீர். எங்கள் கோப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சான்றுக்காகப் பெரம்பலூருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

பணத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வந்துவிட்டது. இங்கிலாந்துக்கு விசா கேட்பவர், கல்விக் கட்டணத்தின் நிலுவையோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவையும் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் வைத்திருந்து காட்ட வேண்டும். 2025 ஜனவரி 2 முதல், நாங்கள் விசாரித்த காலத்தில், அந்த வாழ்க்கைச் செலவு லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுண்டாக இருந்தது. ஒன்பது மாதத்துக்கு 10,224 பவுண்டு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 11 லட்சம் ரூபாய். இது போக, மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 490 பவுண்டிலிருந்து 524 ஆக உயர்ந்தது. எங்களிடம் அந்தப் பணம் இல்லை என்றதும், ஆலோசகருக்கு மேலே இருந்த ஒருவர் எங்களைத் தனியறைக்கு அழைத்தார். 28 நாளைக்குக் கணக்கில் பணம் போட்டு வைக்க ஆள் இருப்பதாகவும், ஒரு லட்சத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்டுச் சரி என்று தலையாட்ட என்னால் முடியவில்லை. பொய்யான ஆவணம் என்று தெரிந்தால் விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு பத்து ஆண்டுகள் தடையும் விழும். விழுவது தம்பி தலையில், வட்டிக்கு விட்டவர் தலையில் அல்ல.

அடுத்த வழியாக, வங்கியல்லாத ஒரு நிதி நிறுவனத்தின் படிவத்தை நீட்டினார்கள். சொத்து அடமானம் வேண்டாம், 28 லட்சம் ரூபாய், 13 விழுக்காடு வட்டி. நான் அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன்: ஆண்டுக்கு 3,64,000 ரூபாய் வட்டி, மாதத்துக்கு 30,000க்கும் மேல். தம்பியின் இரண்டு மாதச் சம்பளம் ஒரு மாத வட்டிக்குத்தான் சரியாக இருக்கும். அதற்கும் வருமானம் காட்டும் கூட்டு விண்ணப்பதாரர் ஒருவர் வேண்டும். என் சம்பளச் சீட்டைக் கொடுத்தோம், போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுப்புக் கடிதத்தைப் படித்து நான் சற்று நிம்மதியடைந்தேன் என்பதைத் தம்பியிடம் இதுவரை சொன்னதில்லை.

அரசுடைமை வங்கிகளின் கல்விக் கடன் வட்டியில் குறைவு. ஆனால் பொதுவாக 7.5 லட்சம் வரைதான் சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்கும்; அதற்கு மேல் சொத்து வேண்டும். எங்கள் ஒன்றரை ஏக்கரை வங்கி ஏற்கவில்லை. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் 31ஆம் பிரிவு வேளாண் நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. கொடுத்த கடன் திரும்பி வராவிட்டால் அந்த நிலத்தை வங்கி அந்தச் சட்டத்தின் வழியே எடுத்து விற்க முடியாது. விவசாயியைக் காப்பாற்ற வைத்த பிரிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த விவசாயியின் மகன் படிக்கக் கடன் கேட்கும்போது அதுவே வாசலில் குறுக்கே நிற்கிறது. அதே நிலத்தின் அடங்கலை வைத்துக்கொண்டுதான் எங்கள் சங்கத்தில் அப்பாவுக்குப் பயிர்க்கடன் தருகிறோம், அந்த வவுச்சரை எழுதுவது என் கை. வீடு நத்தம் நிலத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், இருக்கிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில். இரண்டு அத்தைகளும் ஒரு பெரியப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். பெரியப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை. இலவச வீட்டுமனைப் பட்டாவில் இருப்பவர்களுக்கும், புறம்போக்கில் வீடு கட்டியவர்களுக்கும் இந்தச் சிக்கல்கூடக் கிடையாது. அவர்கள் பெரும்பாலும் வங்கிப் படியிலிருந்தே திரும்ப வேண்டியதுதான். ஆதிதிராவிடருக்கென்று ஒதுக்கப்பட்ட, வெளியாருக்குக் கைமாற்ற முடியாத பஞ்சமி நிலம் வைத்திருப்பவர்கள் பாடு சொல்லவே வேண்டாம்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டில் படிப்போர் எண்ணிக்கை 2024இல் 13 லட்சத்தைத் தாண்டியதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அந்தக் கூடத்தின் தொலைக்காட்சியிலும் இந்த எண் ஓடிக்கொண்டே இருந்தது. அவர்களில் எத்தனை பேருடைய வீட்டுப் பட்டா தாத்தா பெயரில் இருந்தது என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

என்னை மிகவும் வருத்திய நாள் எங்களைப் பற்றியதல்ல. 2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அரியலூர் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். தாய் சத்துணவுக் கூடத்தில் சமையலர்; மகள் செவிலியர் பட்டம் முடித்துப் பொதுச் சுகாதாரம் படிக்க விரும்பினாள். தங்களிடம் ஆதிதிராவிடர் சாதிச் சான்றிதழ் இருப்பதாகவும், ஏதாவது சலுகை உண்டா என்றும் அந்த அம்மா கேட்டார். ஆலோசகர், "வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சாதிச் சலுகை கிடையாதம்மா" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு நீட்டிய அதே 13 விழுக்காட்டுப் படிவத்தை எடுத்து வைத்தார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் சொல்லாமல் விட்டது அந்தப் பெண்ணின் முழு வாழ்க்கை.

தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை வழங்குகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்களும் விண்ணப்பிக்கலாம். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கிறது. 1954-55 முதல் நடப்பில் உள்ள திட்டம் அது. ஆனால் நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 125 இடங்கள்தான். அதிலும் 2022இல் வந்த விதிமாற்றத்தில் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவித்தொகை இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்று சொன்ன செய்தியும் வந்தது. சிறுபான்மை மாணவர்களின் அயல்நாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23இல் நிறுத்தப்பட்டது. வழிகள் குறுகலானவைதான், இருந்தும் இருக்கின்றன. பதினொரு முறை போயும், சுவரில் கொடியோடு நிற்கும் அத்தனை படங்களுக்கு நடுவே, இவற்றில் ஒன்றைப் பற்றிய ஒரு துண்டு அறிவிப்பைக்கூட நான் பார்க்கவில்லை. கீழே இறங்கி, தேநீர்க் கடையில் நின்று, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம் எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஏப்ரலில் தொலைபேசியில் அழைத்து, விண்ணப்பித்துவிட்டதாகச் சொன்னார்.

நிறுவனத்தில் மனமாரப் பாராட்ட வேண்டிய ஒன்று, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கான வகுப்பு. எட்டு வாரம், 12,000 ரூபாய். ஆசிரியர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். தமிழ்வழியில் படித்தவர்கள் தாமாகவே கடைசி வரிசைக்குப் போய் உட்காருவதைக் கண்டு, இரண்டாம் நாளே வரிசையை மாற்றி அமைத்தார் என்று தம்பி சொன்னான். எழுத்துத் தேர்வில் நம் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஒவ்வொரு கட்டுரையையும் சிவப்பு மையில் திருத்தி, மறுபடி எழுத வைத்தார். தேர்வுக் கட்டணம் மட்டும் தம்பியின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. முதல் முறை மொத்தத்தில் 6 வந்தது, வேண்டியது 6.5. அந்த மருத்துவரின் மகன் மூன்று முறை எழுதியதாகச் சொன்னான், அவனுக்கு அது ஒரு செய்தியே அல்ல. தம்பி இரண்டாம் முறை எழுத நான்கு மாதம் காத்திருந்தான். படிப்பதற்காகக் காத்திருந்தான் என்று சொல்வது பாதி உண்மை, பணம் சேர்வதற்காகவும்தான். இரண்டாம் முறை 6.5 வந்தது. அந்த நாளில் மட்டும் பித்தளை மணியைத் தம்பியும் அடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

நோக்க அறிக்கை எழுதித் தரும் பிரிவு நேர் எதிர். சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள்மீது தனக்கு அளவில்லாத ஈர்ப்பு என்று தம்பியின் அறிக்கை தொடங்கியது. வகுப்பில் கூட இருந்த இரண்டு பேரின் அறிக்கைகளும் அதே வாக்கியத்தில் தொடங்கின. அதில் ஒருவன் படித்தது நெசவுத் தொழில்நுட்பம். ஒரகடத்தில் இரவுப்பணியில் அச்சு மாற்றும் நேரத்தை இவனும் இரண்டு தொழிலாளர்களும் சேர்ந்து எப்படிக் குறைத்தார்கள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. நாங்கள் அதைத் தமிழில் எழுதி, ஐஇஎல்டிஎஸ் ஆசிரியரிடம் காட்டி, அவர் துணையோடு ஆங்கிலமாக்கினோம். அது அவருடைய வேலை அல்ல, பணமும் வாங்கவில்லை.

மார்ச் மாதம் 85,000 ரூபாய் கட்டுவதில்லை என்று முடிவு செய்து, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு நாங்களே விண்ணப்பித்தோம். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில் படிப்புகளின் பட்டியல் இலவசமாக, ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் என்ற சான்றுச் சரிபார்ப்பு கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப மையத்துக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. நான்கு இடங்களுக்கு 165 யூரோ ஆனது. பணத்தைவிட அதைக் கட்டுவதுதான் பாடாகிவிட்டது. எங்கள் வீட்டில் யாரிடமும் கடன் அட்டை இல்லை. இருக்கும் பற்று அட்டைகள் வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்குச் செல்லவில்லை. கடைசியில் பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தி மகனின் அட்டையில் கட்டினோம். பாடத்திட்டம் முழுவதையும் 214 பக்கம் நகலெடுத்து, கல்லூரியில் முத்திரை வாங்க மூன்று நாள் விடுப்பு எடுத்தான். மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள்.

ஜூலையில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து உற்பத்திப் பொறியியல் முதுகலைக்கு அனுமதிக் கடிதம் வந்தது. கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். மாதம் ஒரு பகுதியாக மட்டுமே எடுக்க முடிகிற இந்தக் கணக்கை மாணவர்கள் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்பார்கள். நாங்கள் திட்டமிட்ட ஜனவரியில் யூரோ 90 ரூபாயை ஒட்டி இருந்தது, ஏறக்குறைய 10.7 லட்சம் என்று குறித்து வைத்திருந்தோம். கடிதம் வந்தபோது யூரோ நூறைத் தொட்டிருந்தது, தொகை 11.9 லட்சம். ஆறு மாதத்தில், யாரும் எதுவும் செய்யாமலே, 1.2 லட்சம் கூடிவிட்டது. துறையூரில் சித்தப்பாவுக்கு இருந்த மனையை அடமானம் வைக்க அவர் சம்மதித்தார். வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை, வில்லங்கச் சான்று என்று முடிந்து கடன் அனுமதி வந்தபோது செப்டம்பர் கடைசி. விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்கவில்லை, பருவம் தொடங்கிவிட்டது. அடுத்த குளிர்காலப் பருவத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கிறான்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஐஇஎல்டிஎஸ் வகுப்புக்கு ஐந்துக்கு ஐந்து. சொத்தும் வைப்புநிதியும் வீட்டில் இருந்து, இங்கிலாந்துக்கோ அயர்லாந்துக்கோ போவதென்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு இந்த நிறுவனம் நான்கு, தாராளமாகப் போகலாம். அவை இல்லாதவர்களுக்கு ஒன்று, அதுவும் நாற்காலி போட்ட மரியாதைக்கு. போகிறவர்கள் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். ஒளிநகல் எடுத்துத் தருகிறோம் என்று வாங்கியதைத் திரும்பப் பெற எங்களுக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. வில்லங்கச் சான்றையும் அவசரப்பட்டு முன்னதாக எடுக்க வேண்டாம். வங்கி புதிதாகக் கேட்கும்போது மறுபடி கட்டணம் கட்ட நேரும்.

மே மாதம் கோப்பைத் திரும்ப வாங்கிய அன்று, ஐஇஎல்டிஎஸ் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு உரியது என்று அந்தப் பயணப் பைகளில் ஒன்றைத் தம்பியிடம் கொடுத்தார்கள். பை தரமானது, தையல் நன்றாக இருக்கிறது, சக்கரமும் சரியாக ஓடுகிறது. ஒவ்வொரு ஞாயிறு இரவும் ஒரகடத்துக்குக் கிளம்பும்போது தம்பி அதைத்தான் எடுத்துப் போகிறான்.